வண்டியிலேயே முழுநேரக் குடித்தனம், சோலார் கரண்ட் மட்டும்: நான்காவது குளிர்காலத்தில் இருந்து எழுதுகிறேன்

பாலைவண்டி:

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊருக்கு வெளியே, கற்பாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு வரும் நான்காவது குளிர்காலம் இது. வண்டி பழைய ஃபோர்டு டிரான்சிட், உயரக் கூரை, முன்பு சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. கூரையில் 200 வாட் பேனல் மூன்று. கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு, அதாவது சுமார் 5 யூனிட் சேமிப்பு. கரண்ட் கம்பத்தோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சென்ற மாதம் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை வாட் பேனல் போடணும்?" அந்தக் கேள்வியில் தொடங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு நீங்கள் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்பதை முதலில் அளந்து பாருங்கள். அப்புறம், தொடர்ந்து மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் அந்தச் செலவுக்கு எங்கிருந்து எடுப்பீர்கள் என்று யோசியுங்கள். பேனல் அதற்கும் பிறகுதான். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துதான் முதல் டிசம்பரில் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் ஒரு நாள் செலவு: 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 450 வாட்-மணி, என் லேப்டாப் எட்டு மணி நேரத்துக்கு 400, சாட்டிலைட் இன்டர்நெட் 300, கூரை ஃபேன் 150, விளக்கு, போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 130. கூட்டினால் 1,430 வாட்-மணி, அதாவது 1.43 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, அதற்குள் எங்கள் இரண்டு மாதக் குடித்தனமே அடங்கிவிடும். ஆனால் அந்த 1.43 யூனிட்டையும் சூரியன்தான் கொண்டு வந்து கொடுக்க வேண்டும், தினமும்.

இங்கே ஜூன் மாதத்தில் 600 வாட் பேனல் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் தருகிறது, செலவழிக்க வழி தெரியாது. டிசம்பரில் அதே பேனல், அதே நீலவானம், ஒன்றரை யூனிட்டைத் தொடுவதே பெரும்பாடு. சென்னையில் டிசம்பர் உச்சிவெயில் 53 டிகிரி உயரத்தில் நிற்கும், இங்கே 33 டிகிரிதான். கூரையில் படுத்திருக்கும் பேனல் மேல் வெயில் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகிறது, பகலும் பத்து மணி நேரம்தான். வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்கும் அந்த நேரத்தில் இரண்டு நாள் மேகம் வந்தால் கதை முடிந்தது.

எங்களுக்கு வந்தது நான்கு நாள். பேட்டரி மீட்டர் 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த வகை லித்தியம் பேட்டரியில் 90 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் அரை வோல்ட் கூட வித்தியாசம் வராது, அது அப்போது எனக்குத் தெரியாது. அதிகாலை நாலு மணிக்கு பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. இருட்டு, குளிர், ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, மனைவி டார்ச் பிடிக்க நான் வயரைத் தடவிக்கொண்டிருந்தேன். மறுநாளே ஷன்ட் வாங்கினேன். உள்ளே போகிற ஆம்பியரையும் வெளியே போகிற ஆம்பியரையும் எண்ணிக் கணக்கு வைப்பது அதுதான். வோல்ட்டை நம்பி வண்டியில் வாழ முடியாது.

அந்த ஷன்ட் வந்த பிறகுதான் இன்னொரு திருடனும் பிடிபட்டான். 2,000 வாட் இன்வெர்ட்டரை எப்போதும் ஆன் செய்தே வைத்திருந்தோம். எந்தப் பொருளும் ஓடாதபோதும் அது 17, 18 வாட் குடிக்கிறது. 24 மணி நேரத்துக்கு 400 வாட்-மணிக்கு மேல், ஃபிரிட்ஜ் செலவுக்குச் சமம். இப்போது லேப்டாப், போன் எல்லாம் நேரடியாக 12 வோல்ட்டில் சார்ஜ் ஆகின்றன. இன்வெர்ட்டர் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மட்டும், அதுவும் நண்பகலில்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கோவைக்காரன்:

அண்ணா, படிக்கப் படிக்க உடனே வண்டி வாங்கக் கிளம்பலாம் போல இருக்கிறது. நான் கோயம்புத்தூர். பழைய டெம்போ டிராவலர் ஒன்று விலைக்கு வருகிறது, சீட்டை எல்லாம் எடுத்துவிட்டு வீடாக மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. வேலை வீட்டிலிருந்தே, இன்டர்நெட் இருந்தால் போதும். நம் ஊர் வெயிலுக்குப் பேனல் பிரச்சினையே வராது என்று நினைக்கிறேன். ஏசி ஓட்ட முடியுமா? அதுதான் அம்மாவுடைய முதல் கேள்வியும்.

பாலைவண்டி:

தம்பி, ஏசியை மறந்துவிடுங்கள். சின்னக் கூரை ஏசி கூட 1,200 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் என்றால் எட்டு, பத்து யூனிட். எங்கள் ஒரு வாரச் செலவு ஒரே இரவில் போய்விடும், அத்தனை பேனல் வைக்கக் கூரையிலும் இடம் இல்லை.

நாங்கள் வண்டியை நகர்த்தித்தான் வெப்பத்தைச் சமாளிக்கிறோம். குவார்ட்ஸைட் கடல் மட்டத்திலிருந்து 270 மீட்டர் உயரம், கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஏப்ரலில் கிளம்பி ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் காட்டுக்குப் போய்விடுவோம், அது 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வலசை போகிற பறவை மாதிரிதான்.

இப்படி வாழ்வது இங்கே சாத்தியமாவதற்குக் காரணம் நிலம். மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வைத்திருக்கும் பொது நிலத்தில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம், அப்புறம் நகர வேண்டும். குவார்ட்ஸைட் பக்கத்தில் லா போசா என்ற நீண்டகாலத் தங்கல் பகுதி இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் சேர்த்து நான் கட்டியது 180 டாலர், தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் குப்பை போடவும் அதிலேயே இடம் உண்டு. ஒரு கட்டுப்பாடு: வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிவுத் தொட்டி இல்லாதவர்கள் பொதுக் கழிப்பறைக்கு அருகில்தான் நிறுத்த வேண்டும். எங்கள் வண்டி அந்த வகை.

கோவையிலிருந்து மேலே ஏறலாம், ஊட்டி இருக்கிறது. ஆனால் இரவு வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? அதற்கு விடை கிடைத்த பிறகு வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.

மின்கணக்கு:

பாலைவண்டி சொன்னது அத்தனையும் சரி, கோவைத் தம்பிக்காகச் சிலதைச் சேர்க்கிறேன். பதினைந்து வருடம் சோலார் வேலை செய்தவன், மதுரை.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக, தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை நீங்களாக மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது, கூரையில் ஓட்டை போடுவது எல்லாம் இதில் வந்து மாட்டும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தரவிதி இருக்கிறது, அதன்படி ஒப்புதல் வாங்கிச் செய்கிறவர்களிடம் போவதுதான் வழி. வண்டி வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது ஆர்.சி.யைத்தான்.

இரண்டாவது, "நம் ஊர் வெயில்" என்ற நினைப்பு. நமக்கு டிசம்பர் வெயில் உயரமாக நிற்கிறது, உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்தால் ஐந்து நாள் சூரியனையே பார்க்க முடியாது. அந்த நாளில் பேனல் வழக்கமானதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால் பெரிது. அரிசோனாவுக்கு டிசம்பர் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். வனத்துறை நிலத்தில் இரவு தங்க விடமாட்டார்கள். தெரிந்தவர் தோட்டம், எஸ்டேட், அனுமதி பெற்ற முகாம் இடம், இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

சியாட்டில் செல்வி:

எனக்கும் ஆசைதான் அண்ணா, ஆனால் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கம்பெனி முழுக்க ரிமோட். வண்டியிலிருந்தே வேலை பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பாலைவண்டி:

செல்வி, தயவுசெய்து செய்யாதீர்கள். எச்-1பி மனு நீங்கள் வேலை செய்யும் இடத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகர வட்டாரத்தை விட்டு வேலை இடம் மாறினால் கம்பெனி திருத்த மனு போட வேண்டும், 2015இலிருந்து இது தெளிவான விதி. முகவரி மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்-11 படிவமும் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? நாங்களே குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் கிளம்பினோம், அதுவரை ஆறு வருடம் காத்திருந்தோம். நீங்கள் இப்போதைக்கு வார இறுதிக்கு வாடகை வண்டி எடுத்து, சமைத்து, தூங்கிப் பாருங்கள். ஜனவரி மழையில் போய்ப் பாருங்கள், ஜூலையில் யாருக்கும் பிடிக்கும்.

சியாட்டில் செல்வி:

நேராகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் இது தெரிய வேண்டியது. இன்னொன்று, இதை அக்காவிடம் கேட்க வேண்டும். குளியல், கழிப்பறை, சமையல், பாதுகாப்பு, இதையெல்லாம் யாருமே எழுதுவதில்லையே?

பாலைவண்டி:

இதை எழுதுவது அவர் மனைவி. கேட்டாயே செல்வி, அதற்கே நன்றி.

கரண்டைப் பற்றி இவர் பக்கம் பக்கமாக எழுதுவார், என்னைக் கேட்டால் தண்ணீர்தான் முதல் பாடம். எங்கள் தொட்டி 75 லிட்டர். இரண்டு பேருக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 15 லிட்டர். குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் கழுவிப் பழகிய கைக்கு இது பழக நான்கு மாதம் ஆனது. அரிசி கழுவிய தண்ணீரில்தான் முதலில் தட்டு கழுவுவேன். அதற்கும் முன்னால் எல்லாத் தட்டையும் காகிதத்தால் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் தண்ணீருக்குப் போகவே கூடாது. குளிப்பது பம்ப் அடிக்கும் தெளிப்பானில், ஆளுக்கு மூன்று லிட்டர். தலைக்குக் குளிக்க வாரம் ஒருநாள் ஊருக்குள் போய்க் காசு கொடுத்துக் குளிப்போம், அந்த வெந்நீர் எனக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி.

கழிப்பறை: சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை. பிரித்துவிட்டால் நாற்றம் வருவதில்லை, நான் நம்பாமல்தான் வாங்கினேன். மற்றதற்கு மேலே போடுவது தேங்காய் நார்த்தூள். கட்டியாக அமுக்கி விற்கிறார்கள், முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா வீட்டுக் கொல்லை வாசம் வந்தது, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சமையலில் தாளிப்பை வண்டிக்கு உள்ளே வைத்துக்கொள்ளாதே. கடுகும் மிளகாயும் வெடித்த புகை போர்வையில் ஏறினால் பத்து நாள் போகாது. சின்ன அடுப்பை வெளியே வைத்துத் தாளித்து எடுத்து வந்து கொட்டுவேன். உள்ளே கேஸ் அடுப்பு எரித்தால் இன்னொரு தொல்லை, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. குளிர்காலக் காலையில் அத்தனையும் சன்னலிலும் தகரத்திலும் வியர்த்து நிற்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் உள்ளே அடுப்பையே பற்ற வைக்காதே.

இட்லி உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உண்டு! 150 வாட் மேசைக் கிரைண்டர், 40 நிமிடம், 100 வாட்-மணி. நல்ல வெயில் நாளில் பதினொரு மணிக்கு மேல் போட்டால் பேட்டரி அசைவதே இல்லை. மேகம் என்றால் அன்று மாவு அரைப்பதில்லை, உப்புமா. இங்கே காற்றில் ஈரமே கிடையாது, வடகம் பிழிந்து வைத்தால் ஒன்றரை நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். பக்கத்து வண்டிப் பாட்டி, மினசோட்டாக்காரர், வடகம் பொரித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். இங்கிருந்து மேற்கே 20 மைல் போனால் பிளைத், கலிஃபோர்னியா எல்லை, அங்கே செடி சோதனை உண்டு. கறிவேப்பிலையில் வாழும் ஒரு சின்னப் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் என்பதால் கொண்டு போகத் தடை. விவசாயிகள் பிழைப்பு அது, சரி என்று செடியை இந்தப் பக்கமே ஒரு வீட்டில் கொடுத்துவிட்டேன். இன்னும் நினைவு வரும்.

பாதுகாப்புக்கு நான் பார்ப்பது ஒன்றுதான். வண்டியை எப்போதும் புறப்படும் திசை பார்த்து நிறுத்துவோம், ஓட்டுநர் சீட்டுக்குப் போகும் வழியில் எதுவும் வைக்க மாட்டோம். மனசுக்குச் சரியில்லை என்றால் பேசாமல் சாவியைப் போட்டுக் கிளம்பிவிடுவோம், காரணம் கேட்பதில்லை. நான்கு வருடத்தில் இரண்டு முறை அப்படிக் கிளம்பினோம்.

இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பேர் இருந்தால் சண்டை வரும். முதல் ஆறு மாதம் நிறைய வந்தது. கோபத்தோடு போய் உட்கார இன்னொரு அறை இல்லை என்பது பெரிய விஷயம், யோசித்துக்கொள்.

மின்கணக்கு:

அக்கா, நார்த்தூள் விஷயம் அருமை, எனக்குப் புதிது.

வயர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. 12 வோல்ட்டில் 2,000 வாட் இன்வெர்ட்டர் என்றால் 170, 180 ஆம்பியர் ஓடும். நம் வீட்டு மெயின் லைனில் கூட அவ்வளவு ஓடாது. 70 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் வேண்டும், நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரணக் கார் ஃபியூஸ் உருகினாலும் தீப்பொறி வழியாகவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

புதிதாகச் செய்கிற கோவைத் தம்பி 24 வோல்ட் அமைப்பை யோசிக்கலாம், ஆம்பியர் பாதியாகக் குறையும், வயரும் மெலியும்.

பாலைவண்டி:

மீண்டும் நான். மின்கணக்கு சார் சொன்னது என் கண் முன்னால் நடந்தது. இரண்டாவது வருடம், கரடுமுரடான மண்சாலையில் 30 மைல் ஓட்டி வந்து மிக்சியைப் போட்டோம், பிளாஸ்டிக் கருகும் வாடை. பேட்டரி முனையில் லக்கை, அதாவது வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை, இறுக்கிய நட் அதிர்வில் தளர்ந்திருந்தது, வயரின் தோல் இளகி வழிந்துவிட்டது. கை வைத்தால் சுடும். தளர்ந்த இணைப்பில் ஆம்பியர் கூடுவதில்லை, அதனால் ஃபியூஸும் போகாது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சோலாருக்கும் வண்டிச் சோலாருக்கும் பெரிய வித்தியாசம் இந்த அதிர்வுதான். இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு எல்லா நட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் (torque) ஸ்பேனரால் பார்க்கிறேன்.

குளிர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, போன திறன் திரும்பவே வராது. கரண்ட் எடுப்பதில் சிக்கல் இல்லை, ஏற்றுவதில்தான். ஃபிளாக்ஸ்டாஃபில் மே மாத இரவு கூட உறையும். அதனால்தான் பேட்டரி நாங்கள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எங்கள் சூடு அதற்கும். சூட்டுக்கு டீசல் ஹீட்டர், புகை வெளியே போய்விடும், உள்ளே வருவது காய்ந்த காற்று.

டிசம்பர் பற்றாக்குறைக்கு இரண்டு வழி வைத்திருக்கிறோம். ஒன்று, தரையில் சாய்த்து வைக்கும் 200 வாட் மடக்குப் பேனல். சூரியனை நேராகப் பார்ப்பதால் அது ஒன்றே கூரையில் படுத்திருக்கும் இரண்டு பேனல் அளவுக்கு உழைக்கிறது. இன்னொன்று, வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வழியாக 30 ஆம்பியர். ஒரு மணி நேரம் ஓட்டினால் 0.4 யூனிட். தண்ணீர் பிடிக்க ஊருக்குப் போகும் நாளை மேகமான நாளாகப் பார்த்துப் போகிறோம். நேராக ஆல்டர்னேட்டரோடு இணைத்துவிடாதீர்கள், லித்தியம் முழு ஆம்பியரையும் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கொன்றுவிடும்.

கோவைக்காரன்:

அண்ணா, ஒரு வாரம் கழித்து வருகிறேன். வண்டிக்குப் பணம் கொடுக்கவில்லை. மின்கணக்கு சார் சொன்னபடி ஆர்.டி.ஓ. அலுவலகம் போனேன், "சீட்டைக் கழற்றினால் ஆர்.சி. செல்லாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒப்புதலோடு செய்து தருகிறவர்களிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் வீட்டிலேயே அளக்கும் பிளக் ஒன்று வாங்கி என் அறையில் இருக்கிற பொருளை எல்லாம் அளந்தேன். சின்ன ஃபிரிட்ஜ் 0.7 யூனிட், லேப்டாப்பும் மோடமும் 0.45, பழைய ஃபேன் 75 வாட், பத்து மணி நேரத்துக்கு 0.75! ஃபிரிட்ஜைவிட ஃபேன் அதிகம் சாப்பிடும் என்று நினைக்கவே இல்லை. மொத்தம் 1.9 யூனிட். மூன்று மழை நாளுக்கு எவ்வளவு பேட்டரி?

மின்கணக்கு:

இதைத்தான் தம்பி முதல் நாளே செய்ய வேண்டும், நல்ல வேலை செய்தீர்கள்.

மூன்று நாளுக்கு 5.7 யூனிட். 600 வாட் பேனல் மழை நாளில் அரை யூனிட் தரும் என்று வைத்தால் மூன்று நாளில் 1.5 வந்துவிடும். மீதி 4.2 பேட்டரியிலிருந்து. பத்து சதவீதம் கையிருப்பு விட்டால் 4.7. பாலைவண்டி வைத்திருக்கும் அதே 5 யூனிட் உங்களுக்கும் போதும்.

ஆனால் அந்த ஃபேனைத் தூக்கிவிட்டு 12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன் போடுங்கள், 30 வாட்டுக்குள் முடியும். ஒரு நாளைக்கு 0.45 யூனிட் மிச்சம், மூன்று நாளுக்கு 1.35. ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் விலை அந்த ஃபேனில் ஒளிந்திருக்கிறது.

பாலைவண்டி:

தம்பி, இன்னும் ஒரே வாரம் பொறுங்கள். அம்மா கிரைண்டர் போடும் நாளையும் சேர்த்து அளந்து, நாள்வாரியாக இங்கே போடுங்கள். ஒப்புதல்காரர்கள் தரும் வரைபடத்தில் பேட்டரி எங்கே வருகிறது என்பதையும் படம் எடுத்துப் போடுங்கள். எஞ்சின் பக்கத்திலோ பின்கதவை ஒட்டியோ வைத்திருந்தால் மாற்றச் சொல்ல இப்போதுதான் நேரம்.